போகுதா என்று கேட்டால் போகுது என்றுதான் சொல்லுவார்கள்

மாமி போன் எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். வவுனியாவில் வேலை முடிந்து வந்து, அறை வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, ரெண்டு நாளாச் சலக்கடுப்படி. ஒண்டுக்குப் போனால் எரியுது. என்ன குடிக்கலாம்?"

பங்குனி மாதம். ஒட்டுசுட்டான் பக்கத்தில் அந்த மாதம் பத்து மணிக்கு மேல் முற்றத்து மணலில் வெறுங்காலோடு நிற்க ஏலாது. மாமிக்குத் தண்ணீர் குடிக்கிற பழக்கமும் குறைவு. தேத்தண்ணிதான் அவருக்குத் தண்ணீர். எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"வடிவாத் தண்ணி குடியுங்கோ மாமி. பார்லி அவிச்சுக் குடியுங்கோ. இளனி இருந்தால் வெட்டுவியுங்கோ. திங்கக்கிழமையும் கடுத்தால் சலம் செக் பண்ணிப் பாப்பம்."

நாலு வருடமாகத் தாதி வேலை பார்க்கிறேன். அன்றைக்கு நான் சொன்னதை எந்த வாட்டிலும் யாரும் பிழை சொல்லமாட்டார்கள். மாமியும் சொல் தட்டாத மனிசி. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் செம்பு செம்பாகக் குடித்திருக்கிறார். குடித்ததெல்லாம் உள்ளேயே நின்றது.

மாமி என்றால் அப்பாவின் தங்கை. 58 வயது. எட்டு வருடமாக மூட்டுவாதம். இரண்டு கைவிரல்களும் காலையில் மடங்காது. கிளினிக் கொப்பியை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார். தினம் காலையில் பிரட்னிசலோன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெதோட்ரெக்சேற். தை மாதக் குளிரில் வாதம் கூடியதால் பிரட்னிசலோனை 5 மில்லிகிராம் குளிசை நாலாகக் கூட்டியிருந்தார்கள். அவரைப் பொறுத்தவரை இதெல்லாம் "கைக் குளிசை". எதிர்ப்புச்சக்தியைக் குறைக்கிற மருந்து என்று ஒருவரும் அவருக்கு விளங்கச் சொல்லவில்லை. நானும் சொன்னதில்லை. வீட்டிலுள்ள ஒருவருக்கு நாங்கள் எதைத்தான் ஒழுங்காக விளங்கப்படுத்துகிறோம்?

இந்த வகை வாதத்தில் உடம்பின் எதிர்ப்புச்சக்தி தன் சொந்த மூட்டுகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. அதைத் தணித்தால்தான் மூட்டு ஆறும். ஆனால் அதே சக்தி வேறு சிலதையும் இத்தனை வருடமாக மறித்து வைத்திருக்கும். மாமிக்கு அப்படி மறிபட்டுக் கிடந்தது அக்கி.

அக்கியைப் பற்றி மாமி எனக்கு மூச்சும் விடவில்லை. அது வந்த இடம் அப்படி. முதல் மூன்று நாள் வலது பக்க "இருக்கிற இடத்தில" ஒரே எரிவு, மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி. பிறகு கொப்புளம். பக்கத்து வளவு ஆச்சிக்கு மட்டும் சொல்லியிருக்கிறார். ஆச்சி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்து, புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைக்கச் சொன்னார். தமிழ்நாட்டில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டு வருவார்களாம். எங்கள் பக்கம் வேப்பிலையும் நேர்த்தியும். ஆச்சியை நான் குறை சொல்லமாட்டேன். இந்தக் கதையில் கொப்புளத்தை நேரில் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

சனிக்கிழமை ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறார். அங்கே சொன்னது: "இடுப்பில கடியும் எரிவும், நித்திரை இல்லை." அவர் காட்டவும் இல்லை, அவர்கள் பார்க்கவும் இல்லை. கடிக்கு ஒரு மஞ்சள் குளிசை, எரிவுக்கும் நித்திரைக்கும் இரவில் ஒரு அமிற்றிப்ரிலின்.

ஆக, எரிவு டிஸ்பென்சரிக்கு, கொப்புளம் ஆச்சிக்கு, சலக்கடுப்பு எனக்கு. மாமி ஒரே வருத்தத்தை மூன்றாகப் பிரித்து மூன்று பேரிடம் கொடுத்துவிட்டார். மூன்று பேரும் தங்கள் பங்குக்கு மருந்தும் சொல்லிவிட்டோம்.

ஞாயிறு இரவு மச்சாள் போன் எடுத்தாள். "அம்மாவுக்கு அடிவயிறு ஊதியிருக்கு. நிக்கவும் ஏலாது, இருக்கவும் ஏலாது எண்டுறா."

"சலம் போகுதா?"

"போகுது. போய்க்கொண்டே இருக்கு. பாவாடை எல்லாம் நனையுது."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நெஞ்சு திக்கென்றது. சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருப்பது போவதாக அர்த்தமில்லை. தொட்டி நிரம்பினால் விளிம்பால் வழியும். சலப்பையும் அப்படித்தான்.

அன்றிரவே 1990 ஆம்புலன்ஸுக்கு அடிக்கச் சொன்னேன். "ஆம்புலன்ஸில ஏத்துற அளவுக்கு என்ன வந்தது, ஊர் பாக்கும்" என்று மாமி ஒத்துக்கொள்ளவில்லை. நான் விடிய முதல் பஸ் எடுத்து, மாங்குளத்தில் இறங்கி, ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர எட்டு மணி. மாமி பாயில் ஒருக்களித்துக் கிடந்தார்.

நிமிர்த்திப் படுக்கவைத்து வயிற்றில் விரலை வைத்துத் தட்டினேன். சாப்பிடாத வயிறு தட்டினால் வெறும் தகரம் மாதிரிச் சத்தம் வரும். தொப்புளுக்குக் கீழே இரண்டு விரலில் சத்தம் மாறியது. அதிலிருந்து அடிவரை மந்தம், நிறைகுடத்தைத் தட்டின மாதிரி. கையை வைத்தால் உருண்டையாக, இறுக்கமாக ஒரு தேங்காய். லேசாக அமத்தினதுக்கே மாமி என் கையைப் பிடித்துத் தள்ளினார்.

"திரும்புங்கோ மாமி, பின்பக்கம் பாக்கவேணும்."

"அங்க என்னத்துக்கு?"

"திரும்புங்கோ."

வலது பிட்டம் முழுக்கக் கொப்புளம். சில உடைந்து, சில கறுத்து, உள்ளே இரத்தம் கண்டு. கீழே தொடை இடுக்குவரை, பிறப்புறுப்பின் வலது பாதியிலும். இடது பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. சரியாக நடுவில் யாரோ நூல் பிடித்துக் கோடு அடித்த மாதிரி நின்றது. வருடத்தில் நாலைந்து அக்கியாவது வாட்டில் பார்க்கிறேன், நெஞ்சில், முதுகில், நெற்றியில். இந்த இடத்தில் இப்படி நான் பார்த்தது அதுதான் முதல்தரம். இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் அவர் என்னிடம் பார்லித் தண்ணீருக்கு அளவு கேட்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில், எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை, அவசரப் பிரிவில் இருந்தவர் தெற்கிலிருந்து வந்த இளம் டொக்டர். தமிழ் கொஞ்சம் தெரியும், நல்ல மனம். மாமியிடம் கேட்டார்: "அம்மா, யூரின் போறதா?" மாமி சொன்னார்: "போகுது ஐயா." டொக்டர் தலையாட்டி எழுதப்போனார். நான் குறுக்கே விழுந்தேன். பிறகு அவர் வயிற்றில் கை வைத்தார், முகம் மாறியது.

சலம் எடுக்கிற ரியூப் போட்டதும் வந்தது 1,400 மில்லிலீற்றர். சாதாரணமாக 400, 500 நிரம்பினாலே எங்களுக்கு இருப்புக் கொள்ளாது. பையில் இறங்கியது தேத்தண்ணி நிறத்தில், அடியில் கொஞ்சம் சிவப்பு. மாமி கண்ணை மூடிக்கொண்டு "அப்பாடா" என்று ஒரு மூச்சு விட்டார். பிறகு, இத்தனை பேருக்கு நடுவில் இப்படிக் கிடக்கிறேனே என்று நினைவு வந்து, சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

இனி, தோலில் வந்த கொப்புளத்துக்கும் சலப்பைக்கும் என்ன சொந்தம் என்பது.

சின்ன வயதில் கொப்புளிப்பான் வந்து, அம்மாள் இறங்கிவிட்டா என்று தலைக்கு வார்த்து விட்டபிறகும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முள்ளந்தண்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நரம்பின் வேரிலும் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. அங்கே போய்ப் படுத்துவிடும். வயது போகும்போதோ, மருந்தாலோ நோயாலோ எதிர்ப்புச்சக்தி தளரும்போதோ ஒரு முடிச்சிலிருந்து எழும்பி, அந்த நரம்பு வழியே தோலுக்கு வரும். அதனால்தான் அக்கி ஒரு பக்கமாக, பட்டி கட்டின மாதிரி வருகிறது. கொப்புளிப்பானின் வைரஸ்தான் திரும்ப எழும்பி அக்கியாக வருகிறது என்று 1965இல் தெளிவாக எழுதியவர் எட்கர் ஹோப்-சிம்சன், இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிறு ஊரின் குடும்ப வைத்தியர். பெரிய ஆய்வுகூடத்துக்காரர் இல்லை. தன்னிடம் வந்த ஊர்ச் சனத்தை வருடக்கணக்காகப் பார்த்துக் குறித்து வைத்தவர். அவருக்கும் முதல், 1900இல், ஹென்றி ஹெட், கம்பெல் என்ற இருவர் அக்கி வந்த உடம்புகளைப் பார்த்து, எந்த நரம்பு எந்தத் தோலுக்குப் போகிறது என்று படமே வரைந்துவிட்டார்கள். தாதிப் பயிற்சியில் நாங்கள் மனப்பாடம் செய்த மனித உருவப் படத்துக்கு அக்கிதான் வழி காட்டியது.

அந்தப் படத்தில் பிட்டத்தின் நடுப்பக்கம், மலவாசலைச் சுற்றிய தோல், பிறப்புறுப்பு எல்லாம் திருவெலும்பு நரம்புகளில் இரண்டாம், மூன்றாம், நாலாம் நரம்புகளுக்கு உரியவை. சலப்பையைச் சுருக்கிச் சலத்தை வெளியே தள்ளுகிற கட்டளை போவதும் இதே நரம்புகளால்தான். குடலின் கடைசிப் பகுதிக்கும் இவைதான். (மாமிக்கு ஆறு நாளாக வயிற்றாலும் போகவில்லை. அதை அவர் நாலாவது ஆளிடம்கூடச் சொல்லவில்லை.) வீக்கம் தோலுக்குப் போகும் இழையோடு நிற்காமல் நரம்பு வேருக்குள் இறங்கினால், கொப்புளம் ஒரு பக்கத்தில்தான் இருந்தாலும் சலப்பை முழுக்க மயங்கிப்போகும். நிரம்பியதும் தெரியாது, தள்ளவும் தெரியாது.

அக்கி சலத்தைத் தொடுவதற்கு இது ஒரு வழி. வேறு இரண்டு வழியும் உண்டு. சலப்பையின் உட்சுவரிலேயே கொப்புளம் வரலாம். கமரா விட்டுப் பார்த்தால் அங்கேயும் ஒரு பக்கமாகத்தான் இருக்கும். அப்போது கடுப்பும், அடிக்கடி போகிற அவதியும், இரத்தமும். மாமிக்கு வந்த சிவப்பு இதுவாக இருக்கலாம், அளவுக்கு மிஞ்சி விரிந்த சலப்பை விட்ட இரத்தமாகவும் இருக்கலாம், கமரா விடவில்லை. இன்னொன்று, அரிதானது, பயப்படவேண்டியது: வைரஸ் முள்ளந்தண்டு வடத்துக்குள்ளேயே ஏறுவது. அப்படியானால் கால் பலவீனமும் விறைப்பும் சேர்ந்து வரும். எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்களுக்கு இந்த அரிதானதும் வரும் என்பதால்தான் டொக்டர் மாமியின் காலைத் தூக்கச் சொல்லி, உள்ளங்காலைச் சுரண்டி, முழங்காலைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கால் சரியாக இருந்தது.

நரம்பு வேர் அழன்று சலம் மறிபடுவதை 1931இல் நியூயோர்க்கின் நரம்பு அறுவை வைத்தியர் சார்ள்ஸ் எல்ஸ்பேர்க் விவரித்தார். அவர் பெயரால்தான் இன்றும் அழைக்கிறார்கள். அக்கி வந்த எல்லாருக்கும் இது வராது. சிறு பங்கினருக்குத்தான். ஆனால் கொப்புளம் இடுப்புக்குக் கீழே, குறிப்பாகத் திருவெலும்பு நரம்பின் தோலில் வந்தால் அந்தப் பங்கு நன்றாகக் கூடும். கொப்புளம் வரமுன் சலம் மறிபடலாம், காய்ந்த பிறகும் மறிபடலாம். வயது போன ஆண்கள் என்றால் புரஸ்ரேற் என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம்; பிட்டத்தைத் திருப்பிப் பார்க்கிறவர் குறைவு.

பிறகு அந்த இரண்டு குளிசைகள். கடிக்குக் கொடுத்த மஞ்சள் குளிசை குளோர்பெனிரமின், இரவுக்குளிசை அமிற்றிப்ரிலின். இரண்டுக்கும் ஒரு பக்கவிளைவு: சலப்பையின் தசையைச் சுருங்கவிடாமல் தளர்த்துவது. ஏற்கெனவே மயங்கிக்கிடந்த சலப்பையை இவை இரண்டும் சேர்ந்து தாலாட்டியிருக்கின்றன. அதன் மேல் என் பார்லித் தண்ணீர். அக்கி எரிவுக்கு அமிற்றிப்ரிலின் நல்ல மருந்துதான், நாங்களே தினமும் கொடுக்கிறோம். கொடுக்கமுன் சலத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. சலக்கிருமி என்று நினைத்து யாராவது கோட்ரைமொக்சசோல் எழுதியிருந்தால்? மெதோட்ரெக்சேற் எடுக்கிறவருக்கு அது சேர்ந்தால் எலும்பு மச்சையே படுத்துவிடும். நல்லகாலம், மாமி அந்தக் கடுப்பை என்னிடம் மட்டும் சொன்னார். நான் பிழையாகச் சொன்னதில் அந்த ஒரு நன்மை.

அன்று மத்தியானம் இரத்தப் பரிசோதனை வந்தது. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டுகிற கிரியற்றினின் 1.6, கூடுதல். மறிபட்ட சலம் மேலே சிறுநீரகத்தை அமத்தத் தொடங்கியிருந்தது. இங்கேதான் சங்கிலி. சிறுநீரகம் மந்தமானால் மெதோட்ரெக்சேற் வெளியேறாமல் தேங்கும், அதை நிறுத்தினார்கள். அக்கிக்கான அசைக்குளோவிரும் சிறுநீரகத்தால்தான் வெளியேறவேண்டும். அளவு தப்பினால் சிறுநீரகக் குழாய்களில் பளிங்காகப் படியும், மூளையையும் குழப்பும். சாதாரண ஆளுக்கு அக்கி என்றால் 800 மில்லிகிராம் குளிசை தினம் ஐந்து தரம், ஏழு நாள், கொப்புளம் கண்டு 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் நல்லது. எதிர்ப்புச்சக்தி குறைந்தவருக்கு, அதுவும் இந்த மாதிரிச் சிக்கல் வந்தபின், 72 மணித்தியாலம் கடந்துவிட்டது என்று கைவிடுவதில்லை. ஊசியால் இரத்தக்குழாய்க்குள் கொடுப்பார்கள், உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம். மாமி 48 கிலோ. 480 மில்லிகிராம், ஒரு மணித்தியாலம் எடுத்து மெதுவாக, சேலைனோடு. வழமையாக எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. அவருக்கு முதல் இரண்டு நாள் பன்னிரண்டுக்கு ஒருக்கா. ரியூப் போட்ட மூன்றாம் நாள் கிரியற்றினின் 0.8க்கு இறங்கியது.

மாமி ஒன்றில் பிடிவாதமாக நின்றார்: "அந்த வாதக் குளிசையாலதானே வந்தது? இனி ஒண்டும் வேண்டாம், எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ." பிரட்னிசலோனை அப்படித் திடீரென்று நிறுத்த முடியாது. மாதக்கணக்காக எடுத்தவருக்கு உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும். சட்டென்று விட்டால் இரத்த அழுத்தம் விழுந்து ஆளே போகலாம். இதை விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. எட்டு வருடத்துக்கு முதல் செய்திருக்கவேண்டிய வேலை.

வாட்டில் அவரை ஒரு மூலைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். அக்கியிலிருந்து அக்கி தொற்றாது. ஆனால் கொப்புளிப்பான் வராத ஒருவருக்கு அதிலிருந்து கொப்புளிப்பான் தொற்றும். அதே வாட்டில் ஒரு கர்ப்பிணியும், டயலிசிஸ் செய்கிற ஒருவரும் இருந்தார்கள். மச்சாளின் இரண்டு வயதுப் பெடியனை அவனுடைய அப்பம்மா வீட்டுக்கு அனுப்பினோம். மச்சாளுக்குப் பயமில்லை, அவளுக்கு முகாமிலேயே வந்துவிட்டது.

முகாம் என்றால் செட்டிகுளம், 2009. எனக்கு அப்போது 12 வயது. மெனிக் பாமில் இராமநாதன் முகாமில் கூடாரம். தண்ணீருக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை. ஆனி மாதம் அளவில் கூடாரத்துக்குக் கூடாரம் கொப்புளிப்பான் பரவியது. எனக்கும் வந்தது. வேப்பிலைக்கு எங்கே போக? மாமி எங்கேயோ ஒரு கொத்து முறித்து வந்து, அந்தக் கூடாரப் புழுக்கத்துக்குள் இரவிரவாக என் முதுகை வருடிக்கொண்டிருந்தார். பதினைந்து நாள் கழித்து அவருக்கும் வந்தது. அப்போது அவருக்கு 42. எங்கள் மாதிரி வெப்ப நாடுகளில் கொப்புளிப்பான் வளர்ந்தவர்களையும் நிறையப் பிடிக்கும். வளர்ந்தவர்களை மோசமாகவும் பிடிக்கும்.

வாட்டில் சேலைன் சொட்டுகிறதைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது இதை அவரிடம் சொன்னேன். "மாமி, இது என்னட்ட இருந்துதான் உங்களுக்கு வந்தது."

"எது?"

"இந்தக் கிருமி. முகாமில."

கொஞ்சநேரம் யோசித்தார். "அப்ப நீயே பார்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மெனிக் பாமில் அந்த வருடம் கொப்புளிப்பான் வந்தவர்கள் எல்லாரும் இப்போது பதினாறு வயது கூடியிருக்கிறோம். வன்னியில் என்னைச் சுற்றி எத்தனை பேர் எதிர்ப்புச்சக்தியைத் தணிக்கிற மருந்தில் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். வாதத்துக்கு, இழுப்புக்கு, லூப்பசுக்கு ஸ்ரீரொயிட் எடுக்கிறவர்கள், மகரகமவுக்கோ தெல்லிப்பளைக்கோ போய்ப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள். காரணம் தெரியாத சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தோடு நிற்காமல் வவுனியாவையும் முல்லைத்தீவையும் தொட்டு வருடங்களாகிறது. சிறுநீரகம் தேய்ந்தவருக்கு எதிர்ப்புச்சக்தியும் தேயும். டயலிசிசில் இருப்பவருக்கு இன்னொரு சிக்கல்: அவருக்குச் சலம் போவதே குறைவு, மறிபட்டால் அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இளவயதில் காரணமில்லாமல் அக்கி வந்தால் எச்ஐவி பரிசோதனையும் ஒருக்கா எடுக்கவேண்டும்; அதைக் கேட்டால் சனம் சண்டைக்கு வரும், ஆனாலும் கேட்கவேண்டும். இவர்களுக்கெல்லாம் அக்கி ஒரு பட்டியோடு நிற்காமல் உடம்பெல்லாம் பரவலாம், நுரையீரலுக்கும் ஈரலுக்கும் போகலாம், புண் காயாமல் வாரக்கணக்கில் இழுக்கலாம்.

தடுப்பூசி இல்லையா என்று மச்சாள் கேட்டாள். இருக்கிறது. சிங்ரிக்ஸ் என்ற ஊசி 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2021இல் எதிர்ப்புச்சக்தி குறைந்த 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அனுமதித்தார்கள். அதில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் மாமி மாதிரி ஆட்களுக்கும் போடலாம், இரண்டு ஊசி. எங்கள் தேசிய தடுப்பூசி அட்டவணையில் கொப்புளிப்பான் ஊசியே இல்லை, அக்கிக்கு எங்கே போவது.

பத்தாம் நாள் ரியூபைக் கழற்றிப் பார்த்தார்கள். மாமி காலையில் இருந்து மத்தியானம் மட்டும் ரொய்லெற்றுக்கு ஏழு தரம் போய் வந்தார். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு குந்தியிருந்தார். வந்தது ஒரு முட்டைக்கோப்பை அளவு. ஸ்கானில் உள்ளே 620 மிச்சம்.

நாலு முதல் எட்டுக் கிழமையில் பெரும்பாலும் திரும்பும் என்று டொக்டர் சொன்னார். அதுவரை இரண்டு வழி. ஒன்று, ரியூபும் பையும் கொளுவிக்கொண்டு திரிவது. மாமி மாதிரி மருந்தில் இருக்கிறவருக்குக் கிருமி ஏற ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி. மற்றது, நாளுக்கு நாலைந்து தரம் தானே ஒரு மெல்லிய ரியூபை விட்டு, சலத்தை எடுத்துவிட்டு, ரியூபையும் எடுத்துவிடுவது. 1972இல் மிச்சிகனில் ஜாக் லாப்பிடஸ் என்ற வைத்தியர் இதைச் சொன்னபோது, கிருமி நீக்காத கையாலா என்று மற்றவர்கள் திகைத்தார்கள். சுத்தமான கை போதும், சலப்பையை ஊதவிடாமல் அடிக்கடி வெறுமையாக்குவதுதான் முக்கியம் என்று அவர் நின்றார்.

மாமியிடம் சொன்னேன். "நானோ? நானே விடுறதோ? போடி!" என்றார். விரல் மடங்காத கை, வாழ்நாளில் கண்ணாடியில் பார்க்காத இடம். நான் செய்து காட்டினேன், வாட்டுத் தாதி செய்து காட்டினார், சரிவரவில்லை.

சரிவரச் செய்தது பின்வளவுப் பிள்ளை. 2009இல் ஷெல் துண்டு முள்ளந்தண்டில் பட்டு, அன்றிலிருந்து சக்கர நாற்காலி. வன்னியில் அவளைப் போல எத்தனையோ பேர். மாமி வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் அவள் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, மச்சாளையும் என்னையும் பார்த்து, "நீங்கள் ரெண்டு பேரும் வெளிய போங்கோ" என்றாள். கதவைச் சாத்தினாள். நாங்கள் மாமரத்தடியில் நின்றோம். உள்ளே முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அவள் குரல்: "கண்ணாடியைப் பாக்காதேங்கோ மாமி, விரலால தடவித் தேடுங்கோ. நான் பதினாறு வருசமாப் பாத்ததில்லை." இன்னும் கொஞ்ச நேரத்தில் மாமி சிரிக்கிற சத்தம். என்னத்துக்குச் சிரித்தார் என்று இரண்டு பேரும் இன்றுவரை சொல்லவில்லை.

ரியூபைப் பிடிக்க மாமியின் விரல் ஒத்துழைக்காததற்கு, நுனியில் ஒரு உடுப்புக் கிளிப்பைப் பூட்டச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் அந்தக் கிளிப் இல்லை.

அடுத்த ஆறு கிழமை மாமி ஒரு பழைய கொப்பியில் கணக்கு எழுதினார். தானாகப் போனது, ரியூபால் எடுத்தது, இரண்டு நிரல். மோட்டா எழுத்து. 50, 450. 80, 400. மூன்றாம் கிழமை ஒரு நாள் 200, 250 என்று எழுதி, பக்கத்தில் ஒரு பிள்ளையார் சுழி. அமிற்றிப்ரிலினுக்குப் பதில் கபாபென்ரின் கொடுத்தார்கள். தலை சுற்றுகிறது என்று திட்டிக்கொண்டே எடுத்தார். எரிவு முழுக்க விடவில்லை. இப்போதும் வாங்கில் இருந்தால் இடப்பக்கமாகச் சரிந்துதான் இருப்பார்.

என் வேலையில் ஒன்று மாறியிருக்கிறது. வாட்டில் யாரிடமும் "சலம் போகுதா?" என்று கேட்பதில்லை. "கடைசியா நிறையப் போனது எப்ப? போய் முடிஞ்ச பிறகும் நிக்கிற மாதிரி இருக்கா? முட்டித் தள்ளவேண்டியிருக்கா?" என்று கேட்கிறேன். அக்கி என்று வந்தால் திரையை இழுத்துவிட்டு எங்கே என்று பார்க்கிறேன். சிலர் முறைக்கிறார்கள்.

ஏழாம் கிழமை ஸ்கானில் மிச்சம் 40. ரியூப் நிப்பாட்டலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமி அலுமாரியைத் திறந்து, பிரிக்காத ரியூப் பக்கற்றுகளை எடுத்து எண்ணினார். இருபத்துநாலு. அப்படியே பையில் போட்டு, வேலிப் பொட்டால் பின்வளவுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

அவள் மடியில் கொட்டித் திரும்ப எண்ணினாள்.

"இதென்ன, ஆறு நாளுக்கு வருமோ?" என்று மாமி கேட்டார்.

"ஐயோ மாமி, நான் ஒண்டைக் கழுவிக் கழுவி ஒரு கிழமை பாவிப்பன்" என்றாள் அவள். விரலை மடித்துக் கணக்குப் பார்த்தாள். "ஐப்பசி வரைக்கும் காணும்."